பிள்ளைப்பேறு என்னும் கடன்: தமிழ்ச் சூழலில் கருத்தடை விவாதமும் பெரியாரின் மறுப்பும் (1877–1936)

ஆய்வுச்சுருக்கம்

புதியதோர் உயிரை உலகிற்குக் கொண்டுவருவது யாருடைய முடிவு, அது யாருக்குச் செலுத்தும் கடன் என்னும் வினா, தமிழ்ச் சூழலில் கருத்தடை பற்றிய விவாதத்தின் வழியாகவே நவீன வடிவம் பெற்றது. பெரியாரின் கருத்தடை எழுத்துகளை மால்தூசியச் சிந்தனையின் ஒரு கிளையாகவோ, மக்கட்தொகைக் கட்டுப்பாட்டின் முன்னோடியாகவோ காணும் போக்கு பொது நினைவில் வலுப்பெற்றுள்ளது. அவ்வெழுத்துகளின் மையம், பிள்ளை பெறுதல் ஒரு கடன் என்னும் கருத்தை மறுப்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது. மரபிலக்கியம், இலௌகிகச் சிந்தனை, நவ மால்தூசியம், காந்தியம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அம்மறுப்பின் தனித்தன்மையும் எல்லையும் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கர்ப்ப ஆட்சி, கடன், சுயமரியாதை இயக்கம், மால்தூசியம், அன்னி பெசன்ட், குடும்பக் கட்டுப்பாடு

முன்னுரை

1928ஆம் ஆண்டு ‘குடி அரசு’ இதழில் வெளிவந்த ‘பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும்’ என்னும் கட்டுரையில், பெரியார் ஈ.வெ.ரா. தம் கருத்துக்கு எழக்கூடிய ஒரு தடையைத் தாமே முன்வைத்து விடை கூறுகிறார். பெண்கள் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டால் உலகம் பெருகாதே, மனித இனம் அற்றுப்போகுமே என்பது அத்தடை. மனித இனம் பெருகாமற் போனால் பெண்களுக்கு நேரும் இழப்பு யாது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இதுவரை பெருகியதால் விளைந்த நன்மைதான் என்ன என்றும் வினவுகிறார். மனித இனத்தின் தொடர்ச்சி என்பதையே, ஒருவர் மற்றொருவர் மீது சுமத்தக்க கடமையாக அவர் ஏற்கவில்லை.

இவ்வினாவைச் சீண்டலுக்காகச் சொல்லப்பட்ட மிகைக்கூற்றாகக் கடந்துசெல்வோர் உண்டு. கருத்தடை வரலாற்றை ஆராய்ந்தோர் அவ்வாறு கடக்கவில்லை. ச. ஆனந்தி 1998இல் வெளியிட்ட கட்டுரையில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதித் தமிழகத்தில் நிகழ்ந்த கருத்தடை விவாதங்களைப் பெண்ணுடல் மீதான கட்டுப்பாட்டின் வரலாறாக வாசித்தார். சாரா ஹாட்ஜஸ் 2008இல் வெளியிட்ட நூல், தென்னிந்தியாவில் கருத்தடையின் சங்க, வணிக வரலாற்றை விரித்தது. மைதிலி ஸ்ரீனிவாஸ் 2021இல் வெளியிட்ட நூல், பஞ்சம், பொருளாதாரம், மக்கட்பெருக்க அச்சம் ஆகியவற்றை ஓர் அகன்ற வரலாற்றுச் சட்டகத்துள் இணைத்தது. இவர்களின் ஆய்வுகள் அரசியலையும் நிறுவனங்களையும் தெளிவாக்கியுள்ளன. அவ்விவாதத்தில் அடங்கியுள்ள அறவியல் வினா தனியே எடுத்துப் பேசப்படுவதற்கு இன்னும் இடமுண்டு.

தமிழில் ‘கடன்’ என்னும் ஒரே சொல் கடமையையும் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். பிள்ளைப்பேறு பற்றிய மரபுச் சிந்தனை இவ்விரு பொருளிலும் நிற்கிறது. அக்கடனை வாங்கியவர் யார், கொடுத்தவர் யார், அடைப்பது யாருடைய உடலால் என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு இக்கட்டுரை 1877 முதல் 1936 வரையிலான விவாதத்தை அணுகுகிறது. பின்னைய வளர்ச்சிகள் இறுதியில் சுருக்கமாகத் தொடப்படுகின்றன.

1. கடனும் பிறவாமையும்: மரபின் இரு நிலைகள்

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் சமூகக் கடமைகளை வரிசைப்படுத்துகிறார். மகனைப் பெற்றுப் பேணுதல் தாய்க்கும், அவனைச் சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், நெறிப்படுத்துதல் வேந்தனுக்கும், களத்தில் வென்று மீளுதல் அம்மகனுக்கும் உரிய கடன்களாகின்றன. பிள்ளைப்பேறு இங்கு ஒரு பெரிய உற்பத்திச் சங்கிலியின் முதற்கண்ணி. அச்சங்கிலியின் இறுதிப் பயன் போர். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய 188ஆம் பாடல், உண்டு களிக்கும் செல்வம் மிகுதியாக உடையவர்க்கும் குழந்தையில்லையேல் வாழ்நாள் பயனற்றது என்கிறது. முன்னது கடமையின் குரல். பின்னது இன்பத்தின் குரல். இரண்டிலும் பிறப்பு ஐயத்திற்கு இடமற்ற நன்மையாகவே நிற்கிறது.

திருக்குறளின் ஏழாம் அதிகாரத்திற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் இக்கருத்தை வேறொரு தளத்திற்கு நகர்த்துகிறது. அவர் அதனைப் ‘புதல்வரைப் பெறுதல்’ எனப் பெயரிட்டு, முனிவர், தேவர், தென்புலத்தார் என்னும் மூவர்க்குரிய கடன்களுள் தென்புலத்தார் கடன் புதல்வரைப் பெறுவதாலன்றித் தீராது என அதிகாரத் தோற்றுவாயில் உரைக்கிறார். பொன்முடியாரின் பாடலில் கடன் என்பது ஊர்க்கும் வேந்தனுக்குமான கடமை. பரிமேலழகரிடத்தில் அது இறந்தோர்க்கு இருப்போர் திருப்பித் தரவேண்டிய பொருள். கடன்பட்டவன் ஆண், கடன் கொடுத்தோர் அவன் முன்னோர், கடனை அடைக்கும் கருவி மகன். கடனை அடைப்பதற்கான உழைப்பைத் தன் உடலால் நல்கும் பெண் இக்கணக்கில் பெயரற்றவள்.

இதற்கு எதிர்நிலையும் தமிழ் மரபில் வலுவாக உண்டு. மணிமேகலை முன்வைக்கும் பௌத்தச் சார்புக் கோட்பாட்டில் பிறப்பு துன்பத் தொடரின் ஒரு கண்ணி. சேக்கிழார் காட்டும் காரைக்காலம்மையார் இறைவனிடம் வேண்டுவனவற்றுள் பிறவாமையும் ஒன்று. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்கள் பிறவியின் அலுப்பைத் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. ஆகவே பிறப்பைத் தீதாகக் கருதும் சிந்தனை தமிழுக்குப் புதிதன்று.

எனினும் இப்பிறவாமை வேண்டலைப் பிள்ளை பெறுவதன் அறவியலாகக் கொள்ள இயலாது. பிறவாமையை வேண்டுவது பிறக்கவிருக்கும் உயிர். அவ்வுயிரைப் பெறவிருப்பவர் அன்று. சைவ சித்தாந்தத்தில் உயிர் தொடக்கமற்றது. உடல், கருவி, உலகம், நுகர்வு ஆகியன வினைக்கேற்ப அதற்குக் கூட்டப்படுகின்றன. சமணத்திலும் உயிர் படைக்கப்படுவதில்லை. பௌத்தம் நிலையான ஆன்மாவை மறுப்பினும் வினைத்தொடர்ச்சியை ஏற்கிறது. இந்நெறிகளில் எவரும் ஓர் உயிரைப் புதிதாக இருப்புக்குக் கொண்டுவருவதில்லை. பெற்றோர் ஏற்கெனவே உள்ள ஒன்று கடந்து வரும் வாயில் மட்டுமே. வாயிலாக இருப்பவரிடம் அது ஏன் பிறந்தது என்று கேட்க இயலாது. விடை அவ்வுயிரின் வினையில் உள்ளது. பிள்ளைப்பேற்றைப் போற்றிய மரபும் பிறவியை அஞ்சிய மரபும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், பெறுபவளின் முடிவை வினாவுக்கு வெளியே வைத்ததில் இரண்டும் ஒத்துநின்றன.

2. ஆன்மா விலகிய இடம்: இலௌகிகரும் அன்னி பெசன்ட்டும்

பிள்ளைப்பேறு பெற்றோரின் செயல், அச்செயலுக்கு அவர்களே பொறுப்பு என்னும் கருத்து உருவாக, உயிர் முன்பே இருந்தது என்னும் நம்பிக்கை தளர வேண்டியிருந்தது. இத்தளர்ச்சி தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அச்சுப் பண்பாட்டின் வழியாக வெளிப்பட்டது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய ‘தத்துவ விவேசினி’ இதழ், கடவுள், மறுபிறப்பு, சடங்கு ஆகியவற்றை மறுத்து எழுதியது. வீ. அரசு அவ்விதழ்களைத் தொகுத்து வெளியிட்டபின் இச்சங்கத்தின் சிந்தனை உலகம் ஆய்வாளர்க்கு எட்டும் தொலைவில் வந்தது. இலண்டனில் சார்லஸ் பிராட்லா தலைமையில் இயங்கிய இறைமறுப்பாளரோடு இவர்களுக்குத் தொடர்பு இருந்தது. 1882இல் சென்னையில் மால்தூசியக் கழகம் ஒன்று தோன்றியதும் இவ்வட்டத்தினரின் ஆர்வத்தைக் காட்டுகிறது.

இத்தொடர்பின் மறுமுனையில் 1877ஆம் ஆண்டின் இலண்டன் வழக்கு உள்ளது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் 1832இல் எழுதிய கருத்தடைக் கையேட்டை மறுபதிப்புச் செய்ததற்காகப் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் வழக்கிற்கு உள்ளாயினர். இருவர்க்கும் 6 மாதச் சிறையும் 200 பவுண்டுத் தண்டமும் விதிக்கப்பட்டன. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு சட்ட நுணுக்கம் ஒன்றால் நீக்கப்பட்டது. ஆயினும் 1878இல் தம் மகள் மேபலை வளர்க்கும் உரிமையைப் பெசன்ட் நீதிமன்றத்தில் இழந்தார். அவருடைய இறைமறுப்பும் கருத்தடைப் பரப்புரையும் அதற்குக் காரணங்களாகக் கொள்ளப்பட்டன. பிள்ளை பெறாதிருக்கும் வழியைச் சொன்னதால், பெற்ற பிள்ளையை இழந்தார் ஒரு தாய்.

அதே 1877ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் சிக்கியிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சப் பணியாளர்க்கு வரையறுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாக இருந்தது. பசியின் காரணம் ஆட்சியிலும் வரியிலும் உள்ளதா, மக்களின் பெருக்கத்தில் உள்ளதா என்னும் வினா எழுந்தது. மால்தஸ் 1798இல் எழுதிய கோட்பாடு இரண்டாம் விடைக்குத் துணைநின்றது. ஆகவே தமிழகத்துள் மால்தூசியம் நுழைந்தபோதே அது இரு முகங்களோடு நுழைந்தது. ஒரு முகம் வைதிகத்தை எதிர்க்கும் பகுத்தறிவு; மறுமுகம் ஏழையின் பசிக்கு ஏழையின் பிள்ளைகளையே காரணமாக்கும் கணக்கு.

பெசன்ட்டின் பிற்கால வாழ்வு இக்கட்டுரையின் வாதத்திற்கு ஒரு சோதனைக்களமாகிறது. இறைமறுப்பாளராக இருந்தபோது ‘மக்கட்தொகை விதி’ என்னும் கருத்தடை நூலை எழுதிய அவர், 1889இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தபின், 1891இல் அந்நூலைத் திரும்பப் பெற்றார். மனிதனை உயர்ந்த விலங்காக மட்டும் காணும் பொருள்முதல் நோக்கிற்கே கருத்தடை முறையான முடிவு என்றும், மனிதனை ஆன்மிக உயிராகக் கண்டபின் தன்னடக்கமே வழி என்றும் அவர் காரணம் கூறினார். பிறவிச் சுழற்சியை ஏற்கும் ஒரு தத்துவத்திற்குள் அவர் நுழைந்த அளவில், பிள்ளை பெறாதிருக்கும் முடிவின் தத்துவ அடிப்படையும் அவரிடத்தில் மாறியது. பின்னர் அவர் சென்னை அடையாற்றிலிருந்து அச்சபையை வழிநடத்தினார். ஆன்மா பற்றிய கருத்தும் கருத்தடை பற்றிய கருத்தும் இணைந்தே நகர்ந்தன என்பதற்கு ஒரே வாழ்வில் கிடைக்கும் சான்று இது.

3. எண்ணிக்கையும் தரமும்: நவ மால்தூசியர்

1920களின் இறுதியில் சென்னையில் உருவான நவ மால்தூசியச் சங்கம், இலௌகிகரின் சமயமறுப்பை ஏற்காமல் அவர்களுடைய கருத்தடை ஆர்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டது எனலாம். உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த வேப்பா ராமேசம் போன்ற சட்டத்துறைப் பெருமக்கள் இதில் முன்னின்றனர். இவர்களது பேச்சில் நாட்டின் வறுமை, குடும்பத்தின் பொருளாதாரம், தாயின் உடல்நலம், சந்ததியின் தரம் ஆகியவை மையப்பட்டன. இக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த இனமேம்பாட்டுக் கருத்து இங்கும் ஒலித்தது. அண்டைய மைசூர் அரசு 1930இல் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை மையங்களைத் திறந்தது. சென்னை மாகாணத்தில் கருத்தடை பெரிதும் சங்கங்களின் பரப்புரையாகவும், இதழ் விளம்பரங்களின் வழி விற்கப்படும் சரக்காகவுமே இருந்தது.

அறவியல் நோக்கில் இச்சங்கத்தாரின் நிலை ஒரு மாற்றத்தைக் குறிக்கிறது. கடன் கொடுத்தவர் பட்டியலில் முன்னோர் நீங்கி நாடு இடம்பிடிக்கிறது. மகனைப் பெற்று முன்னோர்க்குக் கடன் அடைத்தல் என்பது, குறைவாகவும் நலமாகவும் பெற்று நாட்டிற்குக் கடன் அடைத்தல் என்றாகிறது. பெண்ணின் உடல் அப்போதும் கடனை அடைக்கும் இடமாகவே தொடர்கிறது.

4. கடனை மறுத்தல்: ‘குடி அரசு’ முதல் ‘கர்ப்ப ஆட்சி’ வரை

இப்பின்புலத்தில் பெரியாரின் எழுத்துகளை வாசிக்கும்போது அவற்றின் விலகல் புலப்படும். 1930களின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, பின்னர் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் இடம்பெற்ற ‘கர்ப்பத்தடை’ என்னும் கட்டுரையில் அவர் தம் நிலையையும் பிறர் நிலையையும் வெளிப்படையாகவே பிரித்துக் காட்டுகிறார். பெண்களின் உடல்நலம், குழந்தைகளின் வலிமை, நாட்டின் வறுமை, குடும்பச் சொத்தின் நிலை ஆகியவற்றைக் கருதிப் பிறர் கருத்தடையை ஆதரிக்கின்றனர் என்றும், தாமோ பெண்கள் விடுதலை பெறவும் தம்மிச்சையாக வாழவும் அது தேவை என்பதாலேயே ஆதரிப்பதாகவும் கூறுகிறார். ஒரே செயலைப் பரிந்துரைக்கும் இருவர், வேறுவேறு காரணங்களால் பரிந்துரைப்பதில் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். காரணம் மாறினால் முடிவெடுப்பவர் மாறுவார் என்பதே விடை. வறுமை காரணமானால், வறுமை நீங்கிய நாளில் பிள்ளை பெறச் சொல்லலாம். உடல்நலம் காரணமானால், நலமுள்ள பெண்ணைப் பெறச் சொல்லலாம். விடுதலை காரணமானால், எந்நாளிலும் முடிவு அவளுடையதே.

1928ஆம் ஆண்டுக் கட்டுரை இதனினும் ஒருபடி மேலே சென்றது. பிள்ளை பெறும் தொல்லையால்தான் பெண் ஆணைச் சார்ந்து வாழ நேர்கிறது, ஆணுக்கு அத்தொல்லை இல்லாமையால் அவன் தனித்து வாழ முடிகிறது என்பது அதன் முன்வாதம். அதிலிருந்து பெண்கள் பிள்ளை பெறுவதை அடியோடு நிறுத்தலாம் என்னும் முடிவு வருகிறது. முன்னுரையில் சுட்டிய மனித இனத் தொடர்ச்சி பற்றிய மறுவினா இங்குதான் பிறக்கிறது. கடன் கொடுத்தோராக மரபு முன்வைத்த முன்னோர், வேந்தன், நாடு ஆகிய யாவரையும் உள்ளடக்கிய கடைசிக் கடன்காரர் மனித இனமே. அக்கடன்காரரையும் பெரியார் ஏற்க மறுக்கிறார். எவர் பெயராலும் பெண்ணின் கருப்பையின் மீது பற்று எழுத இயலாது என்பதே அவ்வினாவின் சாரம்.

இது பிறவியைத் தீதெனக் கொள்ளும் வாதத்திலிருந்து வேறானது. டேவிட் பெனடர் 2006இல் வெளியிட்ட நூல், பிறப்பது எப்போதும் பிறப்பவருக்குத் தீங்கு என்று வாதிட்டு, பிள்ளை பெறாமையே அறம் என்னும் முடிவுக்கு வந்தது. பெரியாரை அத்தகைய பிறப்பெதிர்ப்பின் முன்னோடியாகக் காட்டுவது எளிது, பிழையும் ஆகும். பிறக்கவிருக்கும் குழந்தையின் துன்பம் அவர் வாதத்தின் அச்சாணி அன்று. காரைக்காலம்மையார் வேண்டிய பிறவாமை பிறப்பவர் தரப்பு. பெரியார் பேசிய பெறாமை பெறுபவர் தரப்பு. பிறப்பு தீது என்று அவர் நிறுவ முற்படவில்லை; அது கட்டாயமன்று என்று நிறுவுகிறார்.

1936இல் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ பதிப்பகத்தின் வழி வெளிவந்த ‘கர்ப்ப ஆட்சி’ நூலின் தலைப்பு இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. தடை என்னும் சொல் நிகழாமையைச் சுட்டும். ஆட்சி என்னும் சொல் ஆள்பவரைத் தேடும். கர்ப்பத்தை ஆள்வது யார் என்னும் வினா அத்தலைப்பினுள்ளேயே உள்ளது.

எனினும் இயக்கத்தின் எழுத்துகள் முழுவதும் ஒரே குரலில் ஒலித்தன என்று கொள்ளலாகாது. குடும்பச் செலவு, தாயின் நலம், நல்ல சந்ததி ஆகிய காரணங்கள் சுயமரியாதை ஏடுகளிலும் இடம்பெற்றன. வாசகரை இணங்கச் செய்ய அவை எளிய வழிகளாக இருந்தன. விடுதலை வாதத்தைக் கடுமையாகச் சொன்ன இயக்கமே நலன் வாதத்தையும் கையாண்டது என்னும் இவ்விரட்டைத்தன்மை, பிற்காலத்தில் அவ்வாதங்களுள் எது நிலைத்தது என்பதைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது.

5. காந்தியும் மறுக்கும் உரிமையும்

1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்து உரையாடினார். கருவிகளின் துணைகொண்ட கருத்தடையைக் காந்தி ஏற்கவில்லை. மகப்பேற்றை விரும்பும்போது மட்டுமே கணவன் மனைவி கூட வேண்டும், மற்ற நேரங்களில் தன்னடக்கமே நெறி என்பது அவர் நிலை. அதே மாதம் திருவனந்தபுரத்தில் கூடிய அனைத்திந்திய மாதர் மாநாட்டில் சாங்கர் கலந்துகொண்டார்; கத்தோலிக்கப் பெண்களின் எதிர்ப்பைக் கடந்து அங்குக் கருத்தடை ஆதரவுத் தீர்மானம் நிறைவேறியது. ‘கர்ப்ப ஆட்சி’ வெளிவந்தது இவ்விவாதச் சூட்டில்தான்.

காந்திக்கும் பெரியாருக்கும் இடையிலான வேறுபாட்டைப் பழமைக்கும் புதுமைக்குமான மோதலாகச் சுருக்குவது போதாது. கணவனை மறுக்கும் உரிமையைப் பெண் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவ்வுரையாடலில் காந்தியும் வற்புறுத்தினார். திருமணத்திற்குள் பெண்ணின் இசைவின்மைக்கு அறமதிப்பு அளித்த வகையில் அது அக்காலத்தில் சிறிய கூற்றன்று. ஆயின் காந்தியின் நெறியில் கூடலின் நியாயம் பிள்ளைப்பேறு. பெண் மறுக்கலாம், மறுத்தால் கூடலையும் துறக்க வேண்டும். இன்பத்தையும் பேற்றையும் பிரிக்க அந்நெறி இடந்தராது. பெரியாரின் நெறியில் அவை இரண்டும் பிரிகின்றன. பெண்ணுக்கு இன்பம் உண்டு. அதற்கு விலையாகப் பேற்றைத் தரவேண்டிய கடன் இல்லை. மறுக்கும் உரிமை என்னும் புள்ளியில் இருவரும் நெருங்கி, கடன் என்னும் புள்ளியில் பிரிகின்றனர்.

6. சொல் மாற்றமும் பொருள் மாற்றமும்

விடுதலைக்குப் பின் இவ்விவாதம் அரசின் திட்டமாயிற்று. 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக மேற்கொண்டது. அதற்குச் சற்று முன்னர், 1951ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி தம் அறிக்கையில் ‘முன்யோசனையற்ற தாய்மை’ எனப் பொருள்படும் ஒரு தொடரைப் புகுத்தினார். முன்பே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்று, அவற்றுள் ஒன்றேனும் உயிருடனிருக்கும் தாய்க்கு நிகழும் அடுத்த பேறு அவ்வாறு பெயரிடப்பட்டது. தந்தைமைக்கு அத்தகைய அடைமொழி இல்லை. அப்பேற்றை அவள் விரும்பினாளா, மறுக்க அவளுக்கு இடமிருந்ததா என்பதும் அவ்வரையறையில் இல்லை. கோபாலசுவாமி பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராகி, கருத்தடை அறுவையை முனைந்து வலியுறுத்தினார். 1950களின் பிற்பகுதியில் அறுவை செய்துகொள்வோர்க்கு ஊக்கத்தொகை வழங்கிய முன்னோடி மாநிலமாகச் சென்னை விளங்கியது.

நெருக்கடி நிலைக் காலத்தில் இத்தருக்கம் அதன் எல்லையைத் தொட்டது. 1976–77ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்கு. 1977க்குப் பின் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ என மாறியது. அறுவையின் சுமை பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். இங்குத் திருமணமான பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை.

கர்ப்ப ஆட்சி, குடும்பக் கட்டுப்பாடு, குடும்ப நலம் என்னும் சொல்வரிசையே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. முதற்சொல்லின் மையம் கர்ப்பம்; அதனை உடையவள் பெண். அடுத்த இரு சொற்களின் மையம் குடும்பம். முடிவெடுப்பவர் யாரென அவை சொல்வதில்லை. ஆட்சி கட்டுப்பாடாகி, கட்டுப்பாடு நலமாகியது. பெரியார் தம் வாதத்திலிருந்து விலக்கி நிறுத்திய காரணங்களான வறுமையும் உடல்நலமும் நாட்டு வளமும் அரசுத் திட்டத்தின் காரணங்களாயின. அவர் ஒரே காரணமாக முன்வைத்த விடுதலை திட்டத்தின் மொழியில் இடம்பெறவில்லை. குறைந்த பிறப்பு விகிதத்தைக் காட்டி, பெரியாரின் கருத்து தமிழ்நாட்டில் வென்றது என்று கூறுவதற்கு முன் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும். எண்ணிக்கை அவர் கேட்ட வினாவுக்கு விடையாகாது.

சட்டத்தின் நிலையும் இதனை உறுதிசெய்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், முடிவைப் பெண்ணின் உரிமையாக வரையாமல் மருத்துவரின் கருத்தைச் சார்ந்ததாக அமைத்தது. 2009இல்தான் உச்ச நீதிமன்றம், பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் தனிமனித உரிமையில் அடங்கும் எனத் தெளிவுபடுத்தியது. ‘கர்ப்ப ஆட்சி’ வெளிவந்து அப்போது 73 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பிள்ளைப்பேற்றைப் போற்றிய மரபும் பிறவாமையை வேண்டிய மரபும் பெறுபவளின் முடிவை அறவினாவாக எழுப்பவில்லை. உயிர் முன்பே உள்ளது என்னும் நம்பிக்கை அதற்குத் துணைநின்றது. இரண்டு, அந்நம்பிக்கையை விட்ட இலௌகிகச் சிந்தனை பெற்றோரின் பொறுப்பை வெளிக்கொணர்ந்தது. நவ மால்தூசியர் அப்பொறுப்பை நாட்டிற்குரிய கடனாக மாற்றினர். மூன்று, பெரியார் கடன்காரரை மாற்றாமல் கடனையே மறுத்தார். மக்கட்தொகைக் கட்டுப்பாட்டின் வரலாற்றுக்குள் மட்டும் அவரை வைத்து வாசிப்பது அம்மறுப்பை மறைக்கும்.

அவ்வாதத்திற்கு எல்லையும் உண்டு. கடன் இல்லை என்று நிறுவிய அது, விரும்பிப் பெறுவோர் பெற்ற குழந்தைக்கு எவற்றைச் செய்யக் கடமைப்பட்டவர் என்பதை விரித்துரைக்கவில்லை. பெறுபவர் தரப்பு தெளிவானபின் பிறப்பவர் தரப்பை எழுப்பும் பணி பின்வந்தோர்க்கு உரியது. சுயமரியாதை இயக்கப் பெண்களின் எழுத்துகளை இந்நோக்கில் தனியே ஆராய்வது அதற்கு ஒரு தொடக்கமாகலாம்.

இவ்வினா பழைய ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. தொகுதி மறுவரையறை விவாதம் எழுந்த 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஆந்திர, தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் பிள்ளைப்பேற்றைக் கூட்டுவது பற்றிப் பொதுமேடைகளில் பேசினர். முதியோர் பெருக்கமும் நாடாளுமன்ற இடங்களும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஐம்பதாண்டுகளுக்கு முன் குறைத்துப் பெறுவது நாட்டுக்கடன். இன்று கூட்டிப் பெறுவது மாநிலக்கடன். தொகை மாறியிருக்கிறது, கடன் பத்திரம் மாறவில்லை. மனித இனமே அற்றுப்போகுமே என்ற அச்சத்திற்கும் அசையாத 1928ஆம் ஆண்டின் வினா, தொகுதிகள் குறையுமே என்னும் அச்சத்தின் முன்னும் அவ்வாறே நிற்கிறது: குறைந்தால் இழப்பு யாருக்கு, அதனை ஈடுசெய்யும் உழைப்பு யாருடையது?